பதினெட்டு அங்குலம் குறைந்த கம்பி

சோடா பாட்டிலின் வாயில் உதட்டை ஒட்டிவைத்து மெதுவாக ஊதினால் ஒரு சத்தம் வருமே, காற்று பலமாக அடிக்கிற நாட்களில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து அதே சத்தம் வரும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பதினான்கு வீடுகள், மேல் லைனில் ஏழு, கீழ் லைனில் ஏழு. கீழ் லைனில் ஐந்தாவது வீடு எங்களுடையது. படுத்த இடத்திலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்று காற்று கிழக்கா மேற்கா என்று சொல்லிவிடுவேன். சத்தம் போட்டது மாடி மேல் நட்டிருந்த வயர்லெஸ் கம்பி. ஒன்பதடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு அலுமினியக் குழல் நேராக வானத்தைப் பார்த்து நிற்கும், அதன் காலடியில் குடைக்கம்பி விரித்தமாதிரி நான்கு கம்பிகள் சரிந்து இறங்கும். லைன் வீட்டுப் பெண்கள் அதற்கு "பேசற கம்பி" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சித்தூருக்கு மேற்கே, பங்காருபாளையம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தன் ஊரிலிருந்து இரண்டு வயர்லெஸ் பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று ஆபீஸ் அறையில், ஒன்று ஜீப்பில். டெல்லியிலிருந்து வந்த அனுமதித் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப் கிராமங்களுக்குப் போகும். "கேம்பு" என்போம். ஜீப் எங்கே இருந்தாலும் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டும் என்பது டாக்டர் வைத்த ஒழுங்கு. ஒன்பது பத்து மைல் வரைக்கும் குரல் தெளிவாக வரும். இன்று பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், பத்து மைலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் டெலிபோன் கிடையாது, இருந்த பஸ்ஸும் நாளைக்கு இரண்டே தடவை.

என் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அந்த ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீசியன், பம்பு மெக்கானிக், டாக்டர் ஊரில் இல்லாதபோது வயர்லெஸ் பெட்டிக்கும் பொறுப்பாளி. என் அக்கா எஸ்தர் அங்கேயே நர்ஸ் படிப்பு முடித்து, கேம்பு ஜீப்பில் போகிற வேலையில் இருந்தாள். எனக்குப் பதினொரு வயது. அவளுக்கு இருபத்தொன்று. ஜீப் ஓட்டியவர் மோசஸ் அண்ணன், வழியெல்லாம் கீர்த்தனை பாடுகிற மனிதர். இந்த மூன்று பேரும் நானும்தான் நான் சொல்லப்போகிற விஷயத்தில் உண்டு. வேறு யாரையும் இதில் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் கம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் பழுதாகிக் கிடந்த இன்னொரு ஜீப் இருந்தது. அதன் வயர்லெஸ் கம்பி எஃகில் செய்தது, அடியில் கனத்து நுனிக்குப் போகப் போக மெலிந்து, பிடித்து வீசினால் விஷ்க்கென்று கத்தும். மோசஸ் அண்ணன் அதைச் "சாட்டை" என்பார். சரியாக நூற்றிரண்டு அங்குலம். நுனியில் மிளகு அளவில் ஒரு உலோக குண்டு. அதைக் கழற்றி மோட்டார் ஷெட்டில் இரண்டு கொக்கிகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். மாடிக் கம்பி என்றைக்காவது உடைந்தால் அந்த இடத்தில் சாட்டையைத் திருகி மாட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் அதற்கு ஏற்ற மரையும் செய்துவைத்திருந்தார். "அளவுதான் இதுல உயிர். ஒரு அங்குலம்கூட வெட்டக்கூடாது" என்று அவர் தன் தமிழில் சொன்னதை நைனா வீட்டில் வந்து அப்படியே பேசிக்காட்டுவார். நாங்கள் சிரிப்போம்.

நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை ஆரம்பித்துவிடும். பாட்டுக் கோஷ்டி வீடு வீடாகப் போகும்போது முன்னால் ஒருவன் உயரமான கோலில் காகித நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மேல் லைனுக்கு ஒரு நட்சத்திரம், கீழ் லைனுக்கு ஒன்று. எது அழகு என்பதில் வருஷாவருஷம் சண்டை. அந்த வருஷம் கீழ் லைன் நட்சத்திரத்தைத் தூக்குகிற முறை எனக்கு வந்தது. எல்லோரும் மூங்கிலில் கட்டுகிறார்கள், நம் நட்சத்திரம் மட்டும் வானத்தில் அசைந்து அசைந்து வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. சாட்டையை எடுத்தேன். நட்சத்திரத்தைக் கட்டியதும் நுனி வளைந்து தரையைத் தொட்டது. மெல்லிய நுனிதான் வளைகிறது, அதை நீக்கிவிட்டால் நிமிர்ந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, நைனாவின் ரம்பத்தால் பதினெட்டு அங்குலம் அறுத்தேன். அப்போதும் அது வளைந்தது. மேல் லைன் பையன்கள் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாடா இது, உங்க நட்சத்திரம் தூக்குல தொங்கற பூசணிக்கா மாதிரி கீது?"

"ஏசுவப் பாக்க வந்த சாஸ்திரிங்க இத்தப் பாத்திருந்தா பெத்லகேமுக்கா போயிருப்பாங்க? பள்ளத்துல வுழுந்திருப்பாங்க!"

மறுநாளே மூங்கிலுக்குத் திரும்பினோம். சாட்டையைக் கொக்கியில் வைப்பதற்கு முன் நான் இன்னொரு காரியம் செய்தேன். அறுத்த துண்டின் நுனியிலிருந்த குண்டைப் பிடுங்கி, ஆபீஸ் அரக்கை உருக்கி, குறைந்துபோன கம்பியின் நுனியில் ஒட்டிவைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அறுத்ததை விளையாட்டு என்று சொல்லலாம். குண்டை ஒட்டியதை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. துண்டை என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டதும், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் மூன்று பேர் மலையடிக் கிராமத்தில் இருக்கிறார்கள் என்று அக்காவும் மோசஸ் அண்ணனும் ஜீப்பில் கிளம்பிப் போனார்கள். போகும் வழியில் இரண்டு தரைப்பாலங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மைல் மேட்டு நிலம், ஒரு வீடும் கிடையாது. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி காற்று எழுந்தது. பன்னிரண்டு மணி சுமாருக்கு மாடிக் கம்பி அடியோடு முறிந்து, பிரசவ வார்டு ஓட்டின் மேல் விழுந்தது.

டாக்டர் அன்று ஊரில் இல்லை, ஆனாலும் நைனா பதறவில்லை. சாட்டை இருக்கிறதே. மழை விடட்டும் என்று காத்திருந்தார். மூன்று மணி தாண்டி ஏரி காவல் பார்க்கிற லஸ்கர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். தெலுங்குக்காரர்.

"கட்ட தெகிந்தி, மேஸ்த்ரீ! பெத்த செருவு கட்ட தெகிந்தி!"

பெரிய ஏரிக் கரை உடைந்துவிட்டது. அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தரைப்பாலங்களையும் பிடித்துக்கொள்ளும். நான்கு மணி சுமாருக்கு ஜீப் கிராமத்தை விட்டுக் கிளம்பும். கிளம்பாதே என்று சொல்லியாக வேண்டும். சொல்ல மாடிக் கம்பி ஒன்றுதான் வழி.

நைனா சாட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். இருபத்திரண்டு படி. நான் பின்னாலேயே போனேன், திருகுச்சாவியை எப்போதும் நான்தான் எடுத்துக்கொடுப்பேன். கம்பியை மாட்டி, அண்ணாந்து நுனிக் குண்டைப் பார்த்து, "ஆங், சரியா கீது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

கீழே இறங்கிப் பெட்டியை முடுக்கினோம். பெட்டிக்குப் பக்கத்தில் முள் வைத்த சின்னப் பெட்டி ஒன்று உண்டு. பேசும் பொத்தானை அழுத்தினால் முள் கறுப்புக் கோட்டில் நிற்க வேண்டும். சிவப்புக்குப் போனால் கம்பி சரியில்லை என்று அர்த்தம், குரல் தூரம் போகாது, நீட்டிப் பேசினால் பெட்டியே எரிந்துபோகும். நைனா பொத்தானை அழுத்தினார். முள் சிவப்பின் கடைசிக்கு ஓடிப்போய் நின்றது. ஆபீஸ் அறை வாசலிலிருந்து மருந்து கொடுக்கிற இடத்துச் சுவர்க் கடிகாரம் தெரியும். மூன்று முப்பது.

அதற்கப்புறம் நைனா செய்தது எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. கேபிளில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று நுனியை வெட்டித் துடைத்தார். மாடிக்குப் போய் மரையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மறுபடி கீழே வந்து அழுத்தினார், சிவப்பு. குடைக்கம்பிகளில் ஒன்று ஆடுகிறது என்று போய் இறுக்கினார். சிவப்பு. பற்றவைத்த இடங்களை எல்லாம் சூடுகாட்டி மறுபடி பற்றவைத்தார். சிவப்பு. ஆறு தடவை மாடி ஏறி இறங்கினார். கம்பியின் நீளத்தை மட்டும் அவர் அளக்கவில்லை. யார் அளப்பார்கள்? ஒரு அங்குலம்கூட வெட்டக்கூடாத பொருளை வெட்டுவான் ஒருவன் என்று அந்தக் காம்பவுண்டில் யாருக்குத் தோன்றும்?

நான்கு மணி ஆயிற்று. ஜீப் கூப்பிடுகிறதா என்று காதை ஒட்டிவைத்துக் கேட்டோம். வெறும் இரைச்சல். நைனா கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, அந்தப் பொண்ணு கிளம்பாம இருக்கணும்" என்றார். அவர் அப்படி வாய்விட்டு ஜெபம் பண்ணி நான் பார்த்ததில்லை. சபையில்கூட உதடு மட்டும்தான் அசையும்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னால் அடிப்பார் என்ற பயம் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். நைனா என்னை வாழ்க்கையில் இரண்டே தடவை அடித்திருக்கிறார், அதுவும் வலிக்காமல். குண்டை ஒட்டிவைத்தவன் என்று தெரிந்துவிடுமே, அந்த வெட்கம்தான் என் வாயைக் கட்டியது. இன்னும் ஒரு தடவை தேய்த்தால் முள் இறங்கிவிடும், இன்னும் ஒரு தடவை இறுக்கினால் சரியாகிவிடும் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு நின்றேன்.

நான்கு எட்டுக்கு வீட்டுக்கு ஓடி, டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, துண்டை எடுத்துவந்து நைனாவின் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தினி?"

"பதினெட்டு, நைனா."

ஒரு வார்த்தை திட்டவில்லை. "செம்புக் கம்பி எடுத்துனு வா" என்றார். மாடியில் சாட்டையை இறக்கி, அரக்கைக் கீறி எறிந்து, துண்டை அதன் நுனியோடு இரண்டு அங்குலம் சேர்ந்து படியும்படி வைத்து, செம்புக் கம்பியைப் பல்லால் இழுத்து இறுக்கி வரிவரியாகச் சுற்றினார். முப்பத்தோரு சுற்று. கீழே வந்து பொத்தானை அழுத்தியபோது முள் கறுப்புக் கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி நின்றது. மணி நான்கு இருபத்தைந்து.

ஏழு நிமிஷம் கூப்பிட்டார். எட்டாவது நிமிஷம் அக்காவின் குரல் வந்தது.

"நைனா, நாங்க சின்னப் பாலம் தாண்டிட்டோம். பெரிய பாலத்தாண்ட வந்துக்கினு இருக்கோம். முன்னால தண்ணி ஆளுயரம் போவுது. ஒரு புள்ளத்தாச்சியக் கூட்டினு வரோம். வலி எடுத்துடுச்சு."

"திரும்பிப் போ! திரும்பி ஊருக்கே போயிடு!"

மோசஸ் அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குள் சின்னப் பாலத்தையும் தண்ணீர் மூடிவிட்டது. ஒன்றரை மைல் மேட்டில், தார்ப்பாய் போட்ட ஜீப்புக்குள் மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் இறங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் கங்கம்மா. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஜீப்பிலிருந்து அக்கா இறங்கியபோது அவள் புடவை முந்தானை அவளிடம் இல்லை, அதைக் கிழித்துத்தான் குழந்தையைச் சுற்றியிருந்தார்கள்.

கிராமத்திலேயே இருந்திருந்தால் கூரை இருந்திருக்கும், வெந்நீர் இருந்திருக்கும், மருத்துவச்சி ஒருத்தியும் இருந்தாள். குழந்தை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது மூன்று முப்பதிலிருந்து நான்கு எட்டு வரை. முப்பத்தெட்டு நிமிஷம்.

கம்பி ஏன் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது நைனா, "கேபிள்ல தண்ணி" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன ஒரே பொய் அது என்று நினைக்கிறேன். என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு மாதத்தில் அக்கா நர்ஸ் வேலையை விட்டாள். எவ்வளவோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. திருப்பதியில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டனாகப் போய், அங்கேயே முப்பத்தாறு வருஷம் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவிக்கு மூன்று பிரசவம் நடந்தது, மூன்றுக்கும் அக்கா ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு வருவாள், தொட்டுப் பார்ப்பாள், அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். நான் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் டைம் ஆபீசில் வேலை பார்த்தேன். யார் எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தார்கள் என்று எழுதிவைக்கிற வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன் என்று பெயர்.

போன வருஷம் இதய அடைப்புக்காக எனக்கு நெஞ்சில் குழாய் வைத்தார்கள். படுத்திருந்தபோது, இதைச் சொல்லாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கவலை பிடித்துக்கொண்டது. தேறியதும் சித்தூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். அக்காவுக்கு எண்பது வயது. முழங்கால் நடக்கவிடாது, காது மட்டும் என்னைவிட நன்றாகக் கேட்கும். போனவுடனே, "இன்னாடா, ஆசுபத்திரிக்காரங்க உன்னத் தொறந்து பாத்தாங்களே, உள்ள எத்தினி நட்டு போல்ட்டு இருந்திச்சின்னு எண்ணிக்கினு வந்தியா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அறுத்தது, குண்டை ஒட்டியது, முப்பத்தெட்டு நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னேன்.

 "நான் அத்த நிறுத்தி வச்சிருந்தேன்டா" என்றாள் அக்கா.

"எத்த?"

"ஜீப்புப் பெட்டியத்தான். கிளம்பும்போது எப்பவும் போலப் போட்டேன். கர்ர்னு கத்திச்சி. கங்கம்மா பயந்துட்டா. அதுக்குள்ள பேய் கீதுன்னு காதப் பொத்திக்கினு அழுவறா. வலில துடிக்கிறவள எப்படிப் பாக்கறது? மூடிட்டேன். நாலு மணிக்குக் கூப்பிடணும்னு தெரியும். மோசஸ் அண்ணன் சொல்லவும் சொன்னாரு, கூப்புடும்மா கூப்புடும்மான்னு. அப்புறம் கூப்பிட்டுக்கலாம்னு சொன்னதே நான்தான். பெரிய பாலத்தாண்ட தண்ணியப் பாத்த அப்புறம்தான் திரும்பப் போட்டேன். போட்ட உடனே நைனா குரலு."

"எவ்வளவு நேரம் மூடிவச்சிருந்த?"

"நான் இன்னா உன்ன மாதிரியா? யாரு மணி பாத்தா?"

"கிளம்பினப்போ எவ்வளவு நேரம் போட்டு வச்சிருந்த? அஞ்சு நிமிஷமா? பத்தா? யோசிச்சுச் சொல்லு. அந்த நேரத்துல மட்டும் கம்பி சரியா இருந்திருந்தா நைனா சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். நீங்க கிளம்பியே இருக்க மாட்டீங்க."

"தெரியாதுடா."

அவளுக்குக் கோபம் வந்தது அதற்கப்புறம்தான். கம்பியை அறுத்ததற்காக இல்லை. "ஐம்பத்தொம்பது வருஷமா என் கையாலதான் அந்தக் கொழந்த போச்சின்னு நெனச்சிக்கினு கீறேன். நைனா செத்தப்பகூட அவர் மூஞ்சப் பாத்து நிக்க முடியல என்னால. உன்னாண்ட ஒரு பாதி இருந்திச்சின்னு ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா நான் வேலைய வுட்டிருக்க மாட்டேனோ இன்னமோ. பாவி."

 முப்பத்தெட்டு நிமிஷத்துக்காக நான் இத்தனை வருஷம் வருந்தினேன். வருந்திய வருஷங்களில் ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் அவள் வேறு மாதிரி வாழ்ந்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் குற்றத்தை நான் மட்டுமே வைத்துக்கொண்டதாக நினைத்தேன். என் பங்கையும் சேர்த்து அவளையே சுமக்க விட்டிருக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரி இன்று இல்லை. கட்டிடம் வேறு யார் கைக்கோ போய், மாடிக்கு மேல் இன்னும் இரண்டு மாடி எழுந்துவிட்டது. ஏரியில் பாதி வீட்டுமனை ஆகிவிட்டது. இரண்டு தரைப்பாலங்களும் போய் அகலமான பாலங்கள் வந்துவிட்டன, பஸ் ஓடுகிற வேகத்தில் எது சின்னது எது பெரியது என்று தெரிவதில்லை. நைனா இல்லை, மோசஸ் அண்ணன் இல்லை, டாக்டர் தன் ஊரிலேயே இறந்துவிட்டார் என்று கடிதம் வந்தது. கங்கம்மா இருக்கிறாளா என்று விசாரித்துப் பார்த்தேன். அந்தக் கிராமத்தில் அந்தப் பெயரில் நான்கு பேர் இருந்திருக்கிறார்கள், நான்கு பேருமே போய்விட்டார்கள். அன்று ஜீப்பில் மணி பார்த்திருக்கக்கூடிய ஒருவரும் மிச்சமில்லை, எந்தக் கடிகாரமும் கட்டாத என் அக்காவைத் தவிர.

இப்போது தினமும் போனில் பேசுகிறோம். மருந்து, முழங்கால், வெயில் எல்லாம் பேசி முடித்ததும் அந்த இடத்துக்கு வந்துவிடுவோம். கிளம்பியதும் இரண்டு நிமிஷத்தில் பெட்டியை மூடிவிட்டேன் என்கிறாள் அவள். அப்படியானால் என் கம்பி சரியாக இருந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. நான் ஒத்துக்கொள்வதில்லை. பெட்டி சூடாகிச் சத்தம் வரவே இரண்டு நிமிஷம் ஆகும், கங்கம்மா பயந்து அழ ஒன்றிரண்டு, நீ சமாதானம் சொல்லிப் பார்த்திருப்பாய், அதற்கு மூன்று, குறைந்தது எட்டு நிமிஷம் பெட்டி ஓடியிருக்கும் என்கிறேன். "சமாதானம் யாரு சொன்னா? ஒடனே மூடிட்டேன்" என்கிறாள்.

போன மாதம் இதே அக்கா, ஐந்து நிமிஷம் ஓடியிருக்கும் என்றாள். பிறகு நான்கு ஆயிற்று, மூன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நேற்று, "போட்டேன், மூடினேன், அவ்ளோதான், ஒரு நிமிஷம்கூட இருக்காது" என்றாள். எனக்காகத்தான் குறைத்துக்கொண்டே வருகிறாள் என்பது தெரிகிறது. எட்டுக்குக் குறைய முடியாது என்று நான் சொல்லிவிட்டேன்.